அக்காவின் கல்லும் என் கல்லும்

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ராஜம்மாளுக்குப் பித்தப்பையில் கல் இருப்பதைக் கண்டுபிடித்த மதுரை டாக்டர், சின்னத் துளைகள் போட்டு அதை எடுத்துவிடலாம், வயது ஒரு தடையில்லை என்று என்னிடம் சொன்னார். நான் அக்காவிடம் போய், இந்த வயதில் ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அக்கா நம்பினாள். நாலு வருஷம் நம்பினாள்.

இது 2003இல் நடந்தது. அக்காவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது, எனக்கு அறுபத்தேழு. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷமாகப் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள் வரும், நோட்டீஸ் வரும். ஆனால் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், கரிநாள், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். ஆடி முடிந்தால் சீசன் ஆரம்பம். மார்கழி வரை ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

அக்கா விருதுநகரில் இருந்தாள், அத்தான் காலமாகிப் பல வருஷம். அவள் மகன் கணேசனுக்குத்தான் என் மகள் முத்துலட்சுமியைக் கொடுத்திருந்தோம். கணேசன் லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். முத்துலட்சுமி அப்போது பிள்ளை பெற்று இரண்டு மாதம். ஆகவே ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் கூட இருக்கவும் நான் ஒருவன்தான். டாக்டரும் அக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, ஆம்பளை என்று என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த வருஷம் மலேசியாவிலிருந்து புதிதாக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. "நீங்க ஒரு நாள் நகந்தாலும் எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி" என்று முதலாளி சொன்னார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பெருமைதான் காரணம். டாக்டர் முதல் தேதி கொடுத்தபோது அக்காவிடம், அன்றைக்கு உனக்குச் சந்திராஷ்டமம் என்றேன். உண்மையில் சந்திராஷ்டமம் அதற்கு அடுத்த வாரம். இரண்டாவது தேதிக்குக் கரிநாள் என்றேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் நான் கொடுத்த காலண்டரைத் தினமும் காலையில் கிழிப்பாள், அவ்வளவுதான். "அம்புட்டுத் தாளையும் படிச்சவன் நீ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். மூன்றாவது முறை தேதி கேட்டு அலைய எனக்கே சலிப்பாக இருந்தது. அப்போதுதான், டாக்டர் மறுபடி யோசித்துப் பார்த்து வேண்டாமென்றுவிட்டார் என்று அந்தப் பெரிய பொய்யைச் சொன்னேன்.

பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை. ஈரலில் சுரக்கும் பித்தநீரை அது சேர்த்து வைத்திருக்கும். எண்ணெயில் வெந்ததைச் சாப்பிட்டால், பை சுருங்கி அந்த நீரைக் குடலுக்கு அனுப்பும். நீர் உறைந்து கல்லானால், சுருங்கும்போது கல் பையின் வாயில் அடைத்துக்கொள்ளும். அப்போது வருவதுதான் அந்த வலி. எனவே கல்லை வைத்துக்கொண்டு வாழ வேண்டுமென்றால் எண்ணெயை விட வேண்டும். விருதுநகரில் இருந்துகொண்டு எண்ணெயை விடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தெருமுனையில் புரோட்டாவையே எண்ணெயில் பொரித்துத்தான் போடுகிறார்கள். உளுந்த வடை என்றால் அக்காவுக்கு உயிர். அவள் நாலு வருஷம் கஞ்சியும் இட்லியும் தாளிக்காத ரசமும் சாப்பிட்டாள். அப்படியும் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை வலி வரும், காய்ச்சல் வரும், ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். நான் பார்க்கப் போவேன், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு.

2007 பங்குனியில் எனக்கு வந்தது. நான் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திருத்தங்கல் வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில், வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலி. முதுகுக்குப் போயிற்று, தோளுக்குப் போயிற்று. என் மனைவி செண்பகம் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். எதிர் வீட்டுக்காரர் சோடா வாங்கி வந்தார். மாரடைப்பு என்று பயந்து ஆட்டோவில் சிவகாசிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. வாயு என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் மறுபடி வந்தது. மறுபடி வாயு. மூன்றாவது முறைதான் ஒரு இளம் டாக்டர், வலது விலாவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் நின்றுவிட்டேன். "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் காலை ஏழு மணிக்கு, சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது பதினொன்றரை. பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிப் பெண், நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்க, மூன்று மணி நேரமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கொடுக்கிறவரிடம் எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "கூப்பிடும்போது கூப்பிடுவோம்" என்றார். அந்த வாக்கியத்தில் என்னால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கும் கல். மூன்று.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு வலியால் மட்டும் அல்ல. பார்க்க வந்த ஒவ்வொருவரும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம், இது வேறு பை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குவேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "கல்லுன்னா கல்லுதான அண்ணாச்சி" என்பார்கள். ஒருவர் வாழைத்தண்டையே தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். செண்பகம் அதைக் கூட்டு வைத்தாள்.

விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு சர்ஜன் வந்து துளை ஆபரேஷன் செய்வார். அவரிடம் போனோம். என் வயதைக் கேட்டார். எழுபத்தொன்று என்றேன்.

"வயசாளிகளுக்குத்தான் இது ரொம்ப நல்லது" என்றார். "பெரிசா வயித்தைக் கிழிச்சா மூச்சு விடவே வலிக்கும், எந்திரிச்சு நடக்க மாட்டீங்க, சளி கட்டும். இதுல மறுநாளே நடக்கலாம். இருதயமும் நுரையீரலும் தாங்குமான்னு மட்டும் பாத்துக்கணும்."

நாலு வருஷத்துக்கு முன் மதுரையில் கேட்ட அதே விஷயம், கிட்டத்தட்ட அதே சொற்களில். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம், சர்க்கரை, நெஞ்சுப் படம், எக்கோ, பிறகு மயக்க டாக்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெஞ்ச், ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு அரை நாள். எல்லாம் முடிந்து தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் செண்பகம் காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம். ராசிபலன்ல பயணம்னு வேற போட்டிருக்கு. வேண்டாம்."

"அந்தத் தாளைத் திருத்துனவனே நான்தான்" என்று கத்தினேன். வேலையை விடுவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்த காலண்டர் அது. பலன் சொற்கள் மொத்தம் ஒரு முப்பதுதான், அவற்றையே மாற்றி மாற்றிப் போடுவோம், இடம் பத்தாவிட்டால் சின்னச் சொல்லாகப் போடுவோம், அதையும் சொன்னேன்.

"நீங்க திருத்துனதுனாலதான் நம்புறேன்" என்றாள்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். அந்த வாரத்தின் நாலாம் நாள் குளிர் காய்ச்சலோடு வலி வந்து, வாந்தியெடுத்து, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று கரிநாள். ஆட்டோவில் போகும்போது அதை நான் நினைவூட்டினேன். "பேசாம வாங்க" என்றாள்.

காய்ச்சல் அடங்க ஊசி போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் படுத்திருந்தார். பருப்பு வியாபாரி, என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், அவருக்கும் இதே கல். நான் காலண்டர்க் கம்பெனியில் இருந்தவன் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு வருசம் பெருநாளை ஒரு நாள் முந்திப் போட்டிருந்தீக அண்ணாச்சி."

"பிறையைப் பாத்துத்தான பாய் பெருநாள்? காலண்டரைப் பாத்தா?"

"அதத்தான் நானும் வீட்ல சொன்னேன். பிரியாணிக்குக் கறி வாங்கிட்டாகளே."

ஒரு காலை சர்ஜன் வந்தபோது, பாயின் இரண்டு மகன்களும் அவரை வாசல் பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பாய் கட்டிலிலிருந்தே கூப்பிட்டார். "டாக்டரய்யா, வயிறு என்னுது. அங்கன என்ன பேச்சு? இங்கன வந்து எங்கிட்டச் சொல்லுங்க." டாக்டர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். எதற்காக, எப்படி, பிழைத்தால் என்ன சாப்பிடலாம், பிழைக்காவிட்டால் எத்தனை மணிக்குத் தெரியும் என்று பாய் ஒவ்வொன்றாகக் கேட்டார். மகன்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். நானும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் படுத்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்றாலும்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது பின்னால் கேட்டதுதான். பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், விழித்தபோது முடிந்திருந்தது. தொப்புளுக்கு அருகில் ஒரு துளை, மேலே மூன்று. வயிற்றுக்குள் கேஸ் செலுத்தி, கூடாரம்போலத் தூக்கி, ஒரு துளையில் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே மற்றத் துளைகளில் கருவிகளை விட்டுப் பையை அறுத்து எடுக்கிறார்கள். வலி வயிற்றைவிட வலது தோளில்தான் இருந்தது. மிச்சமிருக்கும் கேஸ் செய்கிற வேலையாம், இரண்டு நாளில் போய்விடும் என்றார்கள், போயிற்று. பை போனால் நஷ்டமில்லை, ஈரல் பித்தநீரை நேராகக் குடலுக்கே அனுப்பிக்கொள்ளும். மறுநாள் காலை நடந்தேன். சாயங்காலம் இட்லி சாப்பிட்டேன்.

அன்றுதான் அக்கா வந்தாள், முத்துலட்சுமியோடு. கையில் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி. எனக்கு இனிமேல் கஞ்சிதான் என்று நினைத்துவிட்டாள், பாவம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காட்டு" என்றாள். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். நாலு சின்னப் பிளாஸ்திரி. ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"எந்திரிச்சு நடந்தியா?"

"நடந்தேன்."

பிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஊற்றி என்னிடம் நீட்டினாள். பிறகு மெதுவாக, கணக்குப் போடுகிற குரலில் சொன்னாள். "உனக்கு இப்ப எழுபத்தொண்ணு. எனக்கு அப்ப அறுபத்தொம்பது. எனக்குத் தாங்காதுன்னுட்டாக. உனக்குத் தாங்குதாமே."

"இப்ப மிஷினெல்லாம் புதுசா வந்திருக்குக்கா" என்றேன். வயிற்றில் நாலு தையலோடு, அவள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, இரண்டாவது பொய்.

பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. ஆனால் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் எல்லாம் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். டாக்டரே சொல்லியிருந்தார். செண்பகம் ஒரு நாள் வடை சுட்டாள். ஒன்றைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். மறுநாள் காலை விருதுநகர் பஸ் ஏறினேன்.

அக்கா பேரனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். முத்துலட்சுமி அடுப்படியில். நான் உட்காராமல் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, செய்யலாம் என்றுதான் சொன்னார். சந்திராஷ்டமமும் பொய், கரிநாளும் பொய். சீசன், அதனால் சொன்னேன். மிஷின் புதிது என்றதும் பொய்.

அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. பேரன் வாயில் ஒரு வாய் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லியே? காலண்டருக்குத்தான?"

"காலண்டருக்குத்தான்."

"நான் என்னமோ என் உடம்புலதான் என்னமோ கோளாறுன்னு நெனைச்சேன். கத்தி வச்சாச் செத்துருவேன்னு. நாலு வருசமா ஒவ்வொரு தடவ வலி வாறப்பவும் இதோட முடிஞ்சதுன்னு நெனைச்சுத்தான் படுத்தேன். அம்புட்டுக்கும் ஒரு காலண்டரு."

முத்துலட்சுமி வாசலில் வந்து நின்றாள். "நாலு வருசம் ரெண்டு சமையல் வச்சேம்ப்பா நானு. அத்தைக்கு மறந்துபோய் ஒரு கரண்டி எண்ணெ கூடிரக் கூடாதுன்னு பயந்து பயந்து. ஆர்லிக்ஸ் வாங்கிட்டு வந்தீகளே, அப்பமாவது சொல்லியிருக்கலாம்."

நான் இப்போதே கூட்டிக்கொண்டு போகிறேன், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீ பாத்தது போதும்" என்றாள் அக்கா. "கெளம்பு."

அவளே போனாள், முத்துலட்சுமியை அழைத்துக்கொண்டு, அதே சர்ஜனிடம். எல்லாப் பரிசோதனையும் முடிந்து தேதி குறித்த பிறகு மகள் எனக்குப் போன் செய்தாள். அன்று காலை நானும் போனேன். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா ஸ்ட்ரெச்சரில் போகும்போது என் பக்கம் பார்க்கவுமில்லை.

என் ஆபரேஷனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். அக்கா உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். முத்துலட்சுமியிடம்தான் பேசினார், நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். நாலு வருஷம் வீங்கி வீங்கி அடங்கியதில் பை சுருங்கிக் கெட்டியாகி, ஈரலோடும் குடலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளை வழியாகப் பிரித்தால் பித்தக் குழாய் அறுந்துவிடும் ஆபத்து. வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும். "முதல்லேயே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் கதை தெரியாது.

என் வயிற்றில் நாலு புள்ளி. அக்கா வயிற்றில் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சரிந்த தையல். நான் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவள் பதிமூன்று நாள் இருந்தாள். இருமினால் தையல் வலிக்கும், வலிக்கும் என்று இருமாமல் இருந்ததில் சளி கட்டியது. தையலில் ஒரு ஓரம் சீழ் பிடித்தது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியபோது, பிழைப்பாளா என்று நர்ஸ் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முயன்றேன்.

தினமும் முதல் பஸ்ஸில் போனேன். வெந்நீர் வாங்கி வந்தேன், மருந்துச் சீட்டுக்கு ஓடினேன், இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடிக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள், அதைச் செய்தேன். அக்கா என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. "தண்ணி." "ஜன்னலைச் சாத்து." "போதும்." பில்லை நான் கட்டினேன், அவள் தடுக்கவில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று இருவருக்கும் தெரியும்.

பிழைத்தாள். இரண்டு மாதத்தில் நன்றாக நடந்தாள். ஆவணியில் ஒரு உளுந்த வடை சாப்பிட்டதாக முத்துலட்சுமி போனில் சொன்னாள். ஒன்றுதானா என்றேன். மூன்று என்றாள்.

தையில் வழக்கம்போலப் புதுக் காலண்டரை எடுத்துக்கொண்டு போனேன். அச்சகத்தில் எனக்கு இப்போதும் வருஷத்துக்கு இரண்டு கொடுப்பார்கள். அக்கா வீட்டுச் சுவரில் அந்த ஆணியில் வேறொன்று தொங்கியது. மருந்துக் கடையில் கொடுத்தது, மாதத்துக்கு ஒரு தாள், வெறும் தேதிகள்.

"அது வேண்டாம். செண்பகத்துக்கு வச்சுக்கோ" என்றாள். "இதுல நம்பர் மட்டுந்தான் இருக்கு. நம்பர் எனக்கே தெரியும்."

அந்தத் தாளில் ஒரு தேதியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. வட்டம் நெளிந்திருந்தது, அவளே போட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டப் போகும் நாள். அன்று முத்துலட்சுமிக்குப் பேரனின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"நான் வரட்டுமாக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "வா. டாக்டர் ரூமுக்குள்ள வராத."

போனோம். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, ஸ்கேன் கவரைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸ் என்னைப் பார்த்து, "கூட வந்தவங்களும் வரலாம்" என்றாள். இல்லை, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். கால் மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கவரை அவளேதான் வைத்திருந்தாள்.